ரேமண்டின் பெயரில் ஒரு பெட்டி இறைச்சி

1

கனடாவுக்கு வந்து இந்த ஐப்பசியோடு ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இத்தனை காலத்தில் இந்த நாட்டைப் பற்றி என்ன விளங்கியது என்று யாராவது கேட்டால், பனிக்காலத்தில் எந்தச் சப்பாத்து வழுக்காது என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். மற்றதெல்லாம் விளங்கியது போலத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள், ஐயோ, ஒரு மண்ணும் விளங்கவில்லையே என்று தெரியவரும். போன மாதம் எனக்கு அப்படியொரு நாள் வந்தது. முப்பது கிலோ உறைந்த இறைச்சியோடு விமானம் ஏறப் போன இடத்தில் என் பெயரை நானே மாற்றிச் சொன்னேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் விசுவலிங்கம் தர்மகுலசிங்கம். ஊரில் தபால்கந்தோரில் கிளாக்கராகப் பதினொரு வருடம் இருந்தவன். மற்றவர்களுடைய பெயரையும் விலாசத்தையும் பிழையில்லாமல் வாசிப்பதுதான் என் தொழில். ஒரு பதிவுத் தபாலைக்கூட ஆள் மாறிக் கொடுத்தது கிடையாது. இப்போது மிசிசாகாவில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் கண்ணாடிக்கு ரப்பர் விளிம்பு பொருத்துகிறேன். இருப்பது ஸ்காபரோவில், பரமண்ணை வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில். வேலைக்குப் போக ஒரு ரயிலும் மூன்று பஸ்ஸும்.

மனைவி வசந்தியும் மகள் அபிராமியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிறார்கள். நான் வெளிக்கிடும்போது மகளுக்கு ஒரு வயது. இப்போது ஆறு. போன வருட இடப்பெயர்வில் ஊரைவிட்டு ஓடி, தென்மராட்சியில் கொஞ்சக் காலம், வன்னியில் கொஞ்சக் காலம் இருந்து கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். நான் ஸ்பொன்சர் செய்துவிட்டு விசாவுக்காகக் காத்திருக்கிறேன். ஆவணியில் விசாக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த மனிதர்தான் அந்தப் பெண்ணின் கணவர், அந்தப் பிள்ளையின் தகப்பன் என்பதற்கு மேலதிக அத்தாட்சி வேண்டுமாம்.

அவர்களில் குற்றம் சொல்ல வழியில்லை. நான் வந்து இறங்கியது செல்வரத்தினம் என்ற ஒருவருடைய பாஸ்போர்ட்டில். முதல்நாள் பதிவில் அந்தப் பெயர்தான் விழுந்தது. இரண்டாம் நாள் உண்மையைச் சொல்லி, என் சொந்தப் பெயரிலேயே அகதி அந்தஸ்தும் கிடைத்தது. ஆனாலும் கோப்பில் இரண்டு பெயரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கின்றன. ஆறு சத்தியக்கடதாசி அனுப்பினேன். கலியாணப் படமும் அனுப்பினேன். அதில் நான் அடர்ந்த மீசையோடு ஒல்லியாக நிற்கிறேன். இப்போது மீசையும் இல்லை, ஒல்லியும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சந்தேகம் வருகிறது.

2

ரேமண்ட் எங்கள் தொழிற்சாலையில் போர்மன், எங்கள் வேலைக்குப் பொறுப்பானவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இந்த மாகாணத்தின் வடக்கே பிறந்து வளர்ந்தவர், பேச்சு குறைவு. ஒரு நாள் மத்தியானம் என் சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். ஆட்டிறைச்சிக் கறி என்றேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைத்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார். அடுத்த கிழமை என்னிடம் வந்து, தானும் தம்பியும் மூஸ் வேட்டைக்குப் போவதாகவும், விருப்பம் என்றால் நானும் வரலாம் என்றும் சொன்னார்.

மூஸ் என்பது இந்த நாட்டுக் காட்டுமிருகம். வன்னிக்காட்டு மரையை நினைத்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் நிறையையும் இரண்டு மடங்காக்குங்கள். மூக்கை மட்டும் யாரோ குதிரையிலிருந்து கழற்றிப் பூட்டிவிட்டது போல இருக்கும்.

விருப்பம் என்றால் வரலாம் என்று ரேமண்ட் சொன்னதை, சொன்னபடி எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. ஊரில் எங்கள் போஸ்ட்மாஸ்டர், மகளின் கலியாணத்துக்குப் பந்தல் போட ஞாயிற்றுக்கிழமை நேரமிருக்குமோ என்று கேட்டால், அது கேள்வியா? அன்று காய்ச்சலாகக் கிடந்தவனும் ஏணியோடு வந்து நிற்பான். அதோடு இன்னொரு விஷயமும் இருந்தது. விசாக் கந்தோருக்கு வேலைக் கடிதம் ஒன்றும் அனுப்ப வேண்டும். அதில் ரேமண்டின் கையெழுத்து வேண்டும். நான் கேட்டு மூன்று கிழமை, கடிதம் வந்தபாடில்லை. ஆகவே கணக்குச் சரியாகப் பொருந்தியது. வேட்டைக்குப் போனால் கடிதம், போகாவிட்டால் இல்லை.

பரமண்ணையிடம் யோசனை கேட்டேன். அவர் ரொறன்ரோவின் பார்க்டேலில் தமிழர்கள் முதன்முதலில் வந்து குடியிருந்த காலத்து ஆள். கனடாவில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கையோடு வாழ்கிறவர். ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“மாட்டன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. வெள்ளைக்காரன் வீட்டுக்குக் கூப்பிடுறதே பெரிசு, உவன் காட்டுக்குக் கூப்பிடுறான்.”

நான் ஐந்து நாள் லீவு போட்டேன். மிளகாய்த்தூள், சரக்குத்தூள், உள்ளி, இஞ்சி, ஒரு சின்னக் குத்தரிசி மூட்டை எல்லாம் கட்டிக்கொண்டு ரேமண்டின் வண்டியில் ஏறினேன். போகிறோம், போகிறோம், ஏரியும் மரமுமாகப் பாதை முடிகிற எண்ணமே இல்லை. இலங்கையை நீளப்பாட்டில் மூன்று தரம் அடுத்தடுத்து வைக்கலாம் போலிருந்தது. இதெல்லாம் ஒரே மாகாணம் என்று ரேமண்ட் சொன்னார். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

3

காட்டுக்குள் ஏரிக்கரையில் ஒரு மரக்கொட்டில். நான் துவக்கைத் தொடமாட்டேன், சமைக்கிறேன் என்று முதல்நாளே சொல்லிவிட்டேன். ரேமண்டும் தம்பியும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நான் யோசித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாகிவிட்டன.

இரண்டாம் நாள் விடியற்காலை என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு சதுப்புக் கரையில் இருத்தினார்கள். ரேமண்ட் மரப்பட்டையைச் சுருட்டி வாயில் வைத்துப் பெண் மூஸ் போலக் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. தொழிற்சாலையில் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசாத மனிதர், இங்கே பெண்குரலில் காடு அதிர அழைக்கிறார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அந்த மிருகம் உண்மையாகவே வந்துவிட்டது. தண்ணீருக்குள் நின்று எங்கள் பக்கம் பார்த்தது. பாவம், யாரோ கூப்பிட்டார்கள் என்று நம்பி வந்திருக்கிறது.

வெடிச் சத்தம் கேட்டதும் நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன். எப்படி விழுந்தேன் என்று தெரியாது. முகம் சேற்றுக்குள். கை இரண்டும் தலைக்கு மேலே. ரேமண்ட் வந்து பக்கத்தில் குந்தியிருந்து என் தோளில் கை வைத்தார்.

“நாங்கள்தான் சுட்டது, தர்மா. நாங்கள்தான்.”

ஆங்கிலத்தில் சொன்னார். வெட்கத்தில் எனக்கு எழும்ப மனமில்லை. ஊரில் எத்தனையோ வெடி கேட்டிருக்கிறேன். சுட்டது நாங்கள்தான் என்று ஒருவரும் பக்கத்தில் வந்திருந்து சொன்னதில்லை. அதனால் ஆறுதலாக இருந்ததா, இன்னும் பயமாக இருந்ததா என்று கேட்டால், இரண்டும்தான்.

அன்று பின்னேரம் அதன் தொடையிறைச்சியில் ஒரு கறி வைத்தேன். தம்பிக்காரன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏரித் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தான். எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த நேரத்தில், இதுதான் தருணம் என்று நினைத்து, வேலைக் கடிதத்தைப் பற்றி மெல்ல ஞாபகப்படுத்தினேன். ரேமண்ட் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நான் கேட்ட அன்றைக்கே கையெழுத்து வைத்துத் தொழிற்சாலைக் கந்தோரில் கொடுத்துவிட்டாராம். மூன்று கிழமையாக அங்கே என் பெயர் எழுதிய உறையில் கிடக்கிறதாம். போய் எடுப்பதுதானே என்றார்.

அப்படியென்றால் நான் ஏன் இந்தக் காட்டில் இருக்கிறேன்? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க முடியாது. அன்று இரவு நித்திரை வரவில்லை. கடிதத்துக்காக இல்லையென்றால் இந்த மனிதர் எதற்காக என்னைக் கூப்பிட்டார்? கறிக்காகவா? சும்மாவா? சும்மா ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்களா?

4

ரேமண்டும் தம்பியும் இன்னும் ஒரு கிழமை நிற்கப் போகிறார்கள். எனக்கு லீவு முடிந்துவிட்டது. பக்கத்து ஊரில் வேட்டை இறைச்சி வெட்டிக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே வெட்டி, பொதி செய்து, கல்லுப்போல உறையவைத்த இறைச்சியில் முப்பது கிலோவை எனக்கென்று ஒரு பெட்டியில் அடைத்துத் தந்தார்கள். சமையற்காரனின் பங்காம். பெட்டியில் ஒரு மட்டையைக் கட்டி, அதில் மிருகத்தைச் சுட்ட ரேமண்டின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் எழுதினார்கள். சட்டம் அப்படி. யாராவது கேட்டால் மட்டையைக் காட்டு என்று சொல்லி, தண்டர் பே விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்டு ரேமண்ட் போய்விட்டார்.

கவுண்டரில் நின்றவள் நல்ல பெண். சீருடை, சிவப்பு உதட்டுச் சாயம், சிரித்த முகம். பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னாள். மட்டையைத் தூக்கி வாசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள்.

நான் ரேமண்ட் என்றேன். அவருடைய கடைசிப் பெயரையும் சேர்த்து, தடுமாற்றமில்லாமல், நல்ல உச்சரிப்போடு சொன்னேன்.

அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஏன் அப்போது வந்தது என்பதுதான் தெரியவில்லை. கனடாவுக்கு வருகிற வழியில் பாங்கொக்கில் ஓர் அறையில் பதினேழு பேர் இருபத்திரண்டு நாள் இருந்தோம். எங்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் தினமும் வந்து சோதனை வைப்பான். “கடதாசியிலை என்ன பேரோ உதுதான் உன்ரை பேர். நித்திரையிலை தட்டி எழுப்பிக் கேட்டாலும் உதுதான் வரவேணும்” என்பான். உண்மையாகவே நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்பான். முதல் மூன்று நாளும் என் சொந்தப் பெயரைச் சொல்லித் திட்டு வாங்கினேன். நாலாம் நாள் செல்வரத்தினம் என்று சொல்லிக்கொண்டு எழும்பினேன். கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினான். ஐந்து வருடம் கழித்து, நித்திரையில்லாத கண்ணோடு, சீருடைக்கு முன்னால் நிற்கிறேன். அவள் கையில் ஒரு கடதாசி. கடதாசியில் ஒரு பெயர். எனக்குப் படித்த பாடம் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் என் விமான ரிக்கற்றைப் பார்த்தாள். அதில் விசுவலிங்கமும் தர்மகுலசிங்கமும் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. மறுபடி என்னைப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது. மன்னிக்க வேண்டும், அது என் பெயர் இல்லை, இதுதான் என் பெயர் என்று அவசரமாகச் சொன்னேன். சொல்லச் சொல்லப் பொய் போலவே கேட்டது. உண்மைப் பெயரைச் சொல்லும்போதுதான் எனக்கு நாக்குத் தட்டியது.

மேற்பார்வையாளர் வந்தார். என்னையும் பெட்டியையும் ஓரமாக ஒரு நீள வாங்கில் இருத்தினார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்னென்ன யோசித்தேன் என்று எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வராது. பொலிஸ் வரும். பழைய கோப்பைத் திறப்பார்கள். இவன் செல்வரத்தினமாக வந்தான், தர்மகுலசிங்கமானான், இப்போது ரேமண்ட் என்கிறான் என்று எழுதுவார்கள். அது கொழும்பு விசாக் கந்தோருக்குப் போகும். இவன் சொல்வதில் எது உண்மை, இவன் யாருடைய தகப்பன் என்று கேட்பார்கள். வசந்தி லொட்ஜ் அறையில் இன்னும் எத்தனை வருடம் இருப்பாள்? ஒரு மிருகத்தின் இறைச்சிக்காகப் பெண்டில் பிள்ளையின் விசாவை நானே அறுத்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் திரும்பி வந்து, இறைச்சி யாருடையது என்று கேட்டார். எனக்குத் தந்தது என்றேன். தந்தவரைத் தொலைபேசியில் பிடிக்கலாமா என்றார். அவர் காட்டுக்குள் போய்விட்டார் என்றேன். நம்பக்கூடிய பதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கடைசியில் சட்டைப்பையைத் துழாவ, இறைச்சி வெட்டிய கடையின் பற்றுச்சீட்டு வந்தது. அதில் ஒரு தொலைபேசி இலக்கம். அவர் அந்தக் கடைக்கு எடுத்துக் கதைத்தார். மறுமுனையில் கடைக்காரன் உரத்துச் சிரிப்பது எனக்கே கேட்டது. ஓ, அந்தக் குட்டை மனிதரா, கறி வைத்தவரா, அவருடைய இறைச்சிதான் அது, ஆள் சரியான ஆள் என்று சொன்னானாம்.

அவ்வளவோடு விஷயம் முடிந்தது. பெட்டியை எடுத்து, சாமான் ஓடுகிற பட்டியில் வைத்துவிட்டார்கள். ஏன் அப்படிப் பெயரை மாற்றிச் சொன்னீர்கள் என்று மேற்பார்வையாளர் கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை, அறிய விருப்பம்தான் இருந்தது. களைப்பு என்றேன். வேட்டை என்றால் அப்படித்தான் என்று அவர் தலையாட்டினார்.

விமானத்தில் இருந்து யோசித்தேன். சமாதான நீதவான் முத்திரை குத்திய ஆறு சத்தியக்கடதாசியும் நிரூபிக்காததை ஒரு இறைச்சிக்கடைக்காரன் தொலைபேசியில் நிரூபித்துவிட்டான். அவன் என்னைப் பார்த்தது மொத்தமாக அரை மணித்தியாலம். நன்றியோடு இருப்பதா, எரிச்சல்படுவதா என்று தெரியாமல் ரொறன்ரோவில் இறங்கினேன்.

5

பரமண்ணை காரோடு வந்திருந்தார். வழியில் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

“உது இப்ப கொம்பியூட்டருக்குள்ளை போயிருக்கும்,” என்றார். “போனா வெளியிலை வராது கண்டியோ.”

ஒரு பெயரை ஒரு தரம் மாற்றிச் சொன்னது எந்தக் கொம்பியூட்டருக்குள் எப்படிப் போகும் என்று கேட்டேன். எல்லாம் ஒன்றோடொன்று தொடுப்பு என்று கையைச் சுழற்றிக் காட்டினார். பிறகு இறைச்சியை வத்தல் போடலாமா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இறைச்சியை அவர்கள் வீட்டுப் பிரீசரில் வைத்தோம். பரமண்ணையின் மனைவி அன்ரி அன்றைக்கே ஒரு சட்டி காய்ச்சினார். பரமண்ணையின் பிள்ளைகள் இரண்டும் மேசைக்குக் கிட்ட வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் பீட்சாவுக்குச் சொல்லப் போனார்கள். பிள்ளைகளோடு தமிழில் கதை என்று அன்ரி மனிசனை ஏச, மனிசன் பிள்ளைகளை ஆங்கிலத்தில் ஏசினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளும் இங்கே வந்தால் இப்படித்தான் மூக்கைப் பொத்துவாளோ என்று நினைத்தேன். பொத்தட்டும். முதலில் வந்து சேரவேண்டுமே என்று அடுத்த கணம் பயம் வந்தது.

விமான நிலையத்தில் நடந்ததை வசந்தியிடம் மறைக்க மனம் வரவில்லை. அவள்தான் அங்கே விசாக் கந்தோருக்குப் போய் நிற்கிறவள். ஏதாவது கேட்டால் அவள் திகைத்துப் போகக்கூடாது. அடுத்த ஞாயிறு காலையில் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி லொட்ஜுக்கு எடுத்தேன். கொழும்பில் அப்போது பின்னேரம். வழக்கமாக லொட்ஜ் முதலாளி எடுப்பார், வசந்தியைக் கூப்பிடுவார், அவள் கதைத்து முடிந்ததும் மகளின் காதில் வைப்பாள். அம்மா சொல்லிக்கொடுத்தபடி மகள், “அப்பா, சுகமா இருக்கிறீங்களோ, எப்ப வருவியள்” என்று கேட்பாள். அது பாடம் சொல்வது போலத்தான் இருக்கும். அந்தப் பாடத்துக்காகத்தான் நான் கிழமை முழுக்க ரப்பர் பொருத்துகிறேன்.

இந்த முறை மணி ஒரு தரம்தான் அடித்தது. எடுத்தது ஒரு சின்னக் குரல்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

அபிராமிதான். அம்மா பக்கத்தில் இல்லாமல் அவள் தொலைபேசி எடுத்து நான் கேட்டதேயில்லை.

“அப்பா கதைக்கிறன்.”

“ஆற்றை அப்பா?”

அந்த லொட்ஜில் ஏழெட்டுக் குடும்பம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளின் அப்பாமாரும் தொலைபேசியில்தான் இருக்கிறார்கள். ஒருவர் லண்டன், ஒருவர் சுவிஸ், இன்னொருவர் பாரிஸ். யாருடைய அப்பா என்று மகள் கேட்டதில் பிழையில்லை. ஒரு கந்தோர் ஆள் கேட்க வேண்டிய கேள்வியை முறையாகக் கேட்டாள். நானும் முறையாகப் பதில் சொல்ல நினைத்தேன்.

“நான் தர்மகுலசிங்கம், பிள்ளை. கனடாவிலையிருந்து.”

பள்ளிக்கூடத்தில் கொப்பி மட்டையில் தர்மகுலசிங்கம் அபிராமி என்றுதான் அவள் எழுதுவாள். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தகப்பன் பெயர்தானே முன்னால் நிற்கிறது. பள்ளிக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு வரவு இடாப்பிலும் அந்தப் பெயருக்குக் கை தூக்கி வந்தவள் அவள்தான்.

“இல்லை,” என்றாள். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. “அது என்ரை பேர்.”

அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அட்டையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஓம் பிள்ளை, உங்கடை பேர்தான்,” என்றேன். “அம்மாவைக் கூப்பிடுங்கோ.”